அடுப்பில் ஒன்றுமில்லாத காலை

வீட்டைச் சூடாக்குகிற ஃபர்னஸுக்கு என்ன வயது என்று அதைப் பழுதுபார்க்க வந்த வால்டர் கேட்டார். சபரிநாதனுக்குத் தெரியவில்லை. வீடு வாங்கும்போதே கூட வந்தது என்றான். கடைசியாக எப்போது சர்வீஸ் பார்த்தீர்கள்? பார்த்ததில்லை. ஃபில்டர் எப்போது மாற்றினீர்கள்? தீபாவளிக்கு முன்னால் என்று சொல்ல வாயெடுத்தவன், அது எந்தத் தீபாவளி என்று தனக்கே சந்தேகம் வந்து, போன வருஷம் என்று பொதுவாகச் சொல்லிவைத்தான். உள்ளே எரிகிற சுடர் நீலமா மஞ்சளா என்று என்றைக்காவது பார்த்ததுண்டா, சுவரில் கரி படிந்திருக்கிறதா, கார்பன் மோனாக்சைடு விஷ வாயுவுக்கு அலாரம் எத்தனை இருக்கிறது? வீட்டுக்காரர்கள் எல்லோரிடமும் கேட்கிற கேள்விகள்தான். வால்டர் ஒரு தாளைப் பார்த்து அலுக்காமல் கேட்டுக்கொண்டே போனார். வீட்டுப்பாடம் எழுதாமல் வந்த பிள்ளை மாதிரி சபரி தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். அலாரம் பற்றிய கேள்விக்கு மட்டும் "இருக்கு" என்று உடனே பதில் சொன்னான். பொய்யில்லை. அலாரம் என்று ஒன்று இருக்கத்தான் செய்தது. சமையலறையின் கடைசி இழுப்பறையில், பேட்டரியைக் கழற்றி, ஒரு பழைய துண்டில் சுற்றி.

அது பிப்ரவரி மாதத்துச் சனிக்கிழமை. விடியும்போதே ஃபர்னஸ் நின்றுபோய், எட்டு மணிக்கு வீட்டுக்குள் ஐம்பத்து மூன்று டிகிரி ஃபாரன்ஹீட், நம்மூர்க் கணக்கில் பன்னிரண்டுகூட இல்லை. சபரி இரண்டு ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, தலையில் குல்லாயும் மாட்டிக்கொண்டு, அகப்பட்ட கம்பெனிக்கெல்லாம் போன் போட்டான். முதலில் வருகிறேன் என்றது வால்டர்தான். அறுபது தாண்டியவர், படியிறங்கும்போது முழங்கால் சடக்கென்று சத்தம் போட்டது. மாடியில் மனைவி செண்பகவல்லி இரண்டு கம்ஃபர்ட்டர் போர்வைக்கு அடியில் சுருண்டு கிடந்தாள். குளிர்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. கோவில்பட்டிக்காரி, வாய் ஓயாதவள், சாம்பாரில் புளி ஒரு சொட்டுக் கூடினாலும் பஞ்சாயத்து வைக்கிறவள், மூன்று வாரமாக எதைப் பற்றியும் குறை சொல்வதில்லை. தட்டில் வைத்ததைச் சாப்பிட்டாள். கேட்டதற்குத் தலையாட்டினாள். சபரிக்கு அதுதான் பயமாக இருந்தது.

மூன்று வாரத்துக்கு முன்னால், இருபத்திரண்டாவது வாரத்தில், வயிற்றுக்குள்ளேயே குழந்தையின் அசைவு நின்றுபோனது. பெண் குழந்தை. கல்யாணமாகி ஏழு வருஷம் காத்திருந்து வந்தவள். எல்லாச் சோதனையும் செய்து பார்த்துவிட்டு, காரணம் தெரியவில்லை, சில நேரம் கடைசிவரை தெரியாமலே போய்விடும் என்று டாக்டரம்மா செண்பகாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். பாதத்தின் மைத் தடத்தை ஒரு அட்டையில் எடுத்து, சின்னப் பெட்டியில் வைத்துக் கொடுத்தார்கள். சபரியின் கட்டைவிரல் நீளம்கூட இல்லை அந்தப் பாதம்.

காரணம் தெரியாது என்றால் நம்மூரில் யார் ஒப்புக்கொள்கிறார்கள்? கோவில்பட்டியிலிருந்து செண்பகாவின் அம்மா தினமும் வாட்ஸாப்பில் வந்து அழுதாள். அழுகைக்கு நடுநடுவே விசாரணையும் நடந்தது. பப்பாளி சாப்பிட்டாயா, கனமான பெட்டி எதையும் தூக்கினாயா, கிரகணத்தன்று வெளியே போனாயா. எல்லாவற்றுக்கும் இல்லை இல்லை என்று சொல்லி வந்தவள், ஒருநாள் தானாகவே ஒன்றைச் சொன்னாள். பொங்கலுக்கு முந்தைய வாரம், ப்ரின்ஸ்டன் ஜங்ஷனில் ஏழு பன்னிரண்டு ட்ரெயினைப் பிடிக்கப் படியேறி ஓடினாளாம். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பிறகு, "ஓடுனியா?" என்று மட்டும் அம்மா கேட்டாள். அவ்வளவுதான். அன்றைக்கு ஆரம்பித்தது. செண்பகா இப்போது வீட்டுக்குள்கூட வேகமாக நடப்பதில்லை. படியில் இறங்கும்போது ஒரு படியில் இரண்டு காலையும் சேர்த்து வைத்துவிட்டுத்தான் அடுத்த படிக்குப் போகிறாள். வயிற்றில் ஒன்றும் இல்லாதபோது எதற்கு இந்த ஜாக்கிரதை என்று சபரிக்கு வாய்விட்டு அழ வேண்டும்போல இருக்கும். ஞாயிற்றுக்கிழமையோடு அவள் லீவு முடிகிறது. வேலையை விடுவதாக ஒரு மெயில் எழுதி வைத்திருக்கிறாள். அனுப்புவதுதான் பாக்கி.

தரைக்குக் கீழே இருந்த பேஸ்மென்ட்டில் விளக்கைப் போட்டதும் வால்டர் சுற்றிலும் பார்த்துச் சிரித்தார். ஒரு மடக்கு மேசை, அதன்மேல் மின்சார அடுப்பு, எண்ணெய்ச் சட்டி, அஞ்சறைப்பெட்டி. கீழேயும் ஒரு கிச்சன் வைத்திருக்கிறீர்களே என்றார். பிறகு ஃபர்னஸ் அறைக் கதவுக்கு வந்தார். சிரிப்பு நின்றது.

மேலிருந்து கீழ்வரை சாய்வான மரப்பட்டைகள் அடுக்கிய கதவு அது. பட்டைக்குப் பட்டை விரல் நுழைகிற இடைவெளி. அதன்மேல் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் தாள் இழுத்து ஒட்டி, நான்கு ஓரமும் வெள்ளி நிற டேப் போட்டிருந்தது. ஒரு சுருக்கம் கிடையாது. சபரி ஒரு காரியத்தைத் தொட்டால் அப்படித்தான், அளவுகோல் வைத்துத்தான் செய்வான்.

யார் ஒட்டியது என்று வால்டர் கேட்டார். நான்தான் என்றான். ஏன் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் செண்பகாவின் மசக்கையிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருந்திருக்கும்.

அக்டோபரில் ஆரம்பித்தது அது. மற்ற பெண்களுக்கு என்னென்னவோ பிடிக்காமல் போகும். செண்பகாவுக்குத் தாளிப்பு வாசனை. எண்ணெயில் கடுகு விழுகிற சத்தம் கேட்டாலே பாத்ரூமுக்கு ஓடுவாள். வரமிளகாய் கருகினால் அன்றைக்குச் சாப்பாடே கிடையாது. ஆனால் வெறும் தயிர்சாதமும் ரொட்டியும் எத்தனை நாளைக்கு? தாளித்த குழம்பு ஆறிய பிறகு கொடுத்தால் சாப்பிடுகிறாள்; தாளிக்கிற வாசனைதான் ஆகாது. சபரி யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தான். பேஸ்மென்ட்டில் அடுப்பை வைத்து அங்கேயே எல்லாவற்றையும் தாளித்து, ஆறவைத்து மேலே கொண்டுவருவது. முதல் நாளே தோற்றுப்போனான். கீழே கடுகு வெடித்தால் மேலே படுக்கையறையில் வாசனை வந்தது. ஃபர்னஸ் அறைக் கதவின் பட்டை வழியாகத்தான் வாசனை உள்ளே போய், சூடான காற்றோடு கலந்து, குழாய் குழாயாக வீடு முழுக்கப் போகிறது என்று அவனுக்குத் தோன்றியது. இன்ஜினியர் மூளையாயிற்றே. நவம்பர் இரண்டாம் வாரம் கடைக்குப் போய்த் தாளும் டேப்பும் வாங்கி வந்து, ஒரு சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து கதவை மூடினான். மறுநாள் கீழே வத்தக்குழம்புக்கே தாளித்தான். மேலே செண்பகா டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். வாசனை வருதா என்று மூன்று முறை கேட்டான். "ஒண்ணும் வரலங்க" என்று சொல்லி, கிட்டே வந்து அவன் கன்னத்தில் முத்தம் கொடுத்தாள். அந்த மூன்று மாதத்தில் அவன் செய்ததிலேயே உருப்படியான காரியம் அதுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

மிளகாய்க் கமறலுக்குப் பேஸ்மென்ட் அலாரம் வாரத்துக்கு இரண்டு முறை கத்தும். துண்டை எடுத்து விசிறி அடக்குவான். நான்காம் மாதத்தோடு குமட்டல் போய்விடும் என்றார்கள் எல்லோரும். குளிர் ஏற ஏறச் செண்பகாவுக்குக் கூடிக்கொண்டுதான் போனது. தலைவலி வேறு. ஆனால் நியூயார்க் ஆபீஸுக்குப் போகிற நாட்களில் மட்டும் சரியாகிவிடும். மெட்ரோபார்க் ஸ்டேஷன் தாண்டினால் வயிறு அடங்கிவிடுகிறது என்பாள். சனி ஞாயிறு வந்தால் எழுந்திருக்கவே மாட்டாள். சபரியின் வாய் சும்மா இருக்குமா? ஆபீஸ் மூஞ்சிகளைப் பார்த்தால் சரியாகிவிடுகிறது, என் மூஞ்சியைப் பார்த்தால்தான் வாந்தி வருகிறது என்பான். அவனுக்கும் அந்தக் குளிர்காலம் பூராவும் மண்டை கனத்துக் கிடந்தது. வேலை டென்ஷன் என்று மாத்திரை போட்டுக்கொண்டான்.

வால்டர் டேப்பை ஒரு முனையிலிருந்து கிழித்தார். தாள் முழுதாக ஒரே இழுப்பில் வந்தது. வாயுவை அளக்கக் கொண்டுவந்த சின்ன மீட்டரைத் தரையில் வைத்துவிட்டு உள்ளே போய் ஃபர்னஸைத் திறந்தார். பாதுகாப்புக்கென்று இருக்கிற ஒரு சுவிட்ச் தானாக விழுந்து அணைத்திருக்கிறது, அது நல்லதாகப் போயிற்று என்றார். சோதிப்பதற்காக ஒரே ஒரு நிமிஷம் பற்றவைத்தார். சுடர் நீலமாக இல்லை. தாளைக் கிழித்த பிறகும், உள்ளே படிந்திருந்த கரியால், மஞ்சளாக, சோம்பலாக, பக்கவாட்டில் சாய்ந்து எரிந்தது. மீட்டரில் எண் ஏறிக்கொண்டே போய்க் கிறீச்சென்று கத்தியது. அணைத்து, வாயுக் குழாயை மூடி, சிவப்பு அட்டை ஒன்றை அதில் கட்டித் தொங்கவிட்டார். நெருப்புக்குக் காற்று வேண்டும், அந்தப் பட்டை வழியாகத்தான் அது மூச்சு விடுகிறது என்றார். மூச்சு முட்டினால் சரியாக எரியாது. கரியும் விஷ வாயுவுமாகக் கக்கும். புகைபோக்கி வழியே வெளியேற வேண்டியது அறைக்குள்ளேயே திரும்பும், அங்கிருந்து வீடெல்லாம் போகும். அதற்கு நிறமும் கிடையாது வாசனையும் கிடையாது. எல்லா ஜன்னலையும் திறந்துவிட்டு உடனே வெளியே போங்கள் என்றார்.

பிறகுதான் அந்தத் தாளில் கடைசியாக இருந்த கேள்வியைக் கேட்டார். வீட்டில் யாருக்காவது தலைவலி, குமட்டல், மயக்கம் இருந்ததா?

மனைவி கர்ப்பமாக இருந்தாள் என்று சபரி சொன்னான். இருந்தாள் என்ற சொல் வால்டரின் காதில் விழுந்துவிட்டது. எழுதப் போன பேனாவை அப்படியே நிறுத்தினார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். டாக்டரிடம் இதைச் சொல்லுங்கள் என்றார் மெல்ல. நான் டாக்டர் இல்லை, இதனால்தான் என்று என்னால் சொல்ல முடியாது, இதனால் இல்லாமலும் இருக்கலாம். கிளம்பும்போது அந்தப் பிளாஸ்டிக் தாளையும் டேப்பையும் உருட்டித் தன் பைக்குள் போட்டுக்கொண்டு போனார். மாடியில் இருப்பவள் கண்ணில் அது பட வேண்டாம் என்றுதான் அந்த மனிதர் அப்படிச் செய்தார் என்று சபரிக்குப் புரிந்தது. புரிந்ததில் உடம்பு கூசியது.

நான்கு வீடு தள்ளி இருந்த கஸ்தூரிரங்கன் அங்கிளும் ஷ்யாமளா ஆன்ட்டியும் இரண்டு பேரையும் தங்கள் வீட்டுக்கு வரச் சொன்னார்கள். பிள்ளைகள் வேறு வேறு ஊரில் இருக்க, பெரிய வீட்டில் தனியாக இருப்பவர்கள். என்ன ஆச்சு என்று செண்பகா வழியில் கேட்டாள். பழசு, போயிடுச்சு என்றான் சபரி. அவள் தலையாட்டினாள். சோபாவில் உட்கார்ந்ததும் அங்கிள் அந்தப் பேச்சையே நீட்டினார். இருபது வருஷமானால் அந்த மாதிரி ஃபர்னஸெல்லாம் உள்ளே கீறல் விட்டுவிடும், யார் வீட்டிலும் நடப்பதுதான், நீ என்ன பண்ணுவாய் என்று முதுகில் தட்டினார். சபரிக்கு அந்தப் பேச்சில் போய் அப்படியே உட்கார்ந்துகொள்ள வேண்டும்போல இருந்தது. இருபது வருஷம். கீறல். யார் வீட்டிலும் நடப்பது. டாக்டரே காரணம் தெரியவில்லை என்றுவிட்டார். வால்டரும் இல்லாமலும் இருக்கலாம் என்றார். டேப்பும் போயாகிவிட்டது. வாயை மூடிக்கொண்டு இருந்தால் இந்த ஜென்மத்தில் யாருக்கும் தெரியப்போவதில்லை.

ஆன்ட்டி பூண்டு ரசம் வைத்திருந்தார். சாப்பாட்டு மேசையில் செண்பகாவின் தட்டில் பருப்பை வைத்துக்கொண்டே, "ஆத்துல ரெஸ்ட் எடுடி கொழந்தே, வேலை எங்க போயிடப் போறது" என்றார். விட்டுவிடப் போகிறேன் ஆன்ட்டி என்றாள் செண்பகா. ஏன் என்று அவர் கேட்க, அவள் ரசத்தைப் பிசைந்துகொண்டே, யாருக்கோ நடந்ததைச் சொல்வது மாதிரி சொன்னாள். "அந்த ட்ரெயின விட்டிருக்கலாம் ஆன்ட்டி. அடுத்தது இருபது நிமிஷத்துல வந்திருக்கும். இருபது நிமிஷம் நிக்க மாட்டாம ஓடுனேன்." ஆன்ட்டி அவள் தலையைத் தடவினார். சபரி தட்டைத் தள்ளிவைத்தான். தண்ணீரைக் குடித்து, எழுந்து போய்க் கை கழுவுகிற இடத்தில் குழாயைத் திறந்துவிட்டு நின்றான். தான் செய்ததை அவள் தன் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு நடக்கிறாள், அதைப் பார்த்துக்கொண்டு தான் ரசம் சாப்பிடுகிறோம் என்று நினைத்தபோது தன்னையே காறித் துப்ப வேண்டும்போல இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாற்றுத்துணி எடுக்க இருவரும் வீட்டுக்கு வந்தார்கள். எல்லா ஜன்னலும் திறந்தபடி கிடக்க, உள்ளுக்கும் வெளிக்கும் குளிரில் வித்தியாசமே இல்லை. செண்பகா துணியை எடுத்து வைத்துவிட்டு, இட்லிப் பொடி கீழே இருக்கு, எடுத்துட்டு வரேன் என்று பேஸ்மென்ட் படியில் ஒவ்வொரு படியாக இரண்டு காலையும் வைத்து வைத்து இறங்கினாள். பதிமூன்று படி. சபரி மேலே நின்று அதைப் பார்த்தான். அதற்குமேல் அவனால் முடியவில்லை. சமையலறைக்குப் போய் இழுப்பறையைத் திறந்து, துண்டோடு எடுத்துக்கொண்டு அவள் பின்னால் இறங்கினான்.

"செண்பா. நீ ஓடினதால இல்ல."

"எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. விடுங்க."

"அவங்க சமாதானத்துக்குச் சொல்றாங்க. எனக்குத் தெரியும்."

சொன்னான். மடக்கு மேசையில் கையை ஊன்றிக்கொண்டு, அவள் முகத்தைப் பார்க்காமல், சிவப்பு அட்டையைப் பார்த்துச் சொன்னான். டேப், பட்டை, மஞ்சள் சுடர், வால்டரின் கடைசிக் கேள்வி. இதனால் இல்லாமலும் இருக்கலாம் என்று அவர் சொன்னதையும் சொல்ல வந்தான். அது தனக்காகச் சொல்வது என்று பட்டது. விட்டுவிட்டான். துண்டைப் பிரித்து அலாரத்தை மேசைமேல் வைத்தான். புகைக்கு மட்டும்தான் அது என்று நினைத்திருந்தான். பின்புறத்தில் இரண்டுக்கும் என்று எழுதியிருந்தது. எந்த விதமாகக் கத்தினால் புகை, எந்த விதமாகக் கத்தினால் வாயு என்றுகூட இருந்தது. நேற்றுத்தான் அவன் அதைப் படித்தான்.

செண்பகா அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அழுவாள், அடிப்பாள், கத்துவாள் என்று அவன் எதிர்பார்த்து நின்றான். கத்தினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தான்.

"மார்கழில ஒரு ஞாயித்துக்கிழமை காலைல கத்துச்சே. நீங்க அப்பத்தான் எந்திரிச்சீங்க. அடுப்புல ஒண்ணுமே இல்லையே, எதுக்குக் கத்துதுன்னு நான் கேட்டேன்ல?"

"கேட்ட."

"நீங்க என்ன சொன்னீங்க?"

அவன் துண்டை மடிக்கத் தொடங்கினான்.

"சொல்லுங்க."

"அதுக்கும் மசக்கைன்னு."

"ஆமா" என்றாள். "நான் சிரிச்சேன்."

அன்றைக்குத்தான் அவன் ஸ்டூலில் ஏறி அதைக் கழற்றினான். அவள்தான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள். இருவருமே அதை நினைத்துக்கொண்டு நின்றிருக்க வேண்டும். கொஞ்ச நேரம் கழித்து அவள் கதவருகே போனாள். டேப் இருந்த இடத்தில் பசை அழுக்காக ஒட்டியிருந்தது. பட்டைகளுக்கு நடுவே விரலை விட்டு, மேலிருந்து கீழ்வரை ஒவ்வொரு இடைவெளியாகத் தொட்டுக்கொண்டே வந்தாள். கடைசிப் பட்டைக்குக் குனிய வேண்டியிருந்தது. குனிந்து தொட்டாள். பிறகு இட்லிப் பொடியை எடுத்துக்கொண்டு மேலே போனாள். ராத்திரி ஷ்யாமளா ஆன்ட்டியோடு அவர் அறையில் போய்ப் படுத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலை ஆறரைக்கு, ஆபீஸ் உடையில், தோளில் லேப்டாப் பையோடு அவள் ஹாலுக்கு வந்தாள். காலணியை மாட்டிக்கொண்டே, "ஸ்டேஷன்ல விட்டுடுங்க" என்றாள். மெயில் அனுப்பினாளா, அழித்தாளா, சாயந்திரம் வருவாளா, வந்தால் எங்கே வருவாள் என்று கேட்க அவனுக்கு ஆயிரம் இருந்தது. கார் சாவியை எடுத்துக்கொண்டு பின்னால் போனான்.

காரில் நான்கு கண்ணாடியையும் இறக்கித்தான் ஓட்டினான். சனிக்கிழமையிலிருந்து மூடிய இடத்தில் உட்கார அவனால் முடியவில்லை. பனிக்காற்று முகத்தில் அறைந்தது. அவள் கோட்டுக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டாள், ஏற்றச் சொல்லவில்லை. டாக்டருக்கு போன் பண்ணி எல்லாவற்றையும் சொல்லப் போகிறேன் என்றான். "நான் பண்ணிக்கிறேன்" என்றாள். அம்மாகிட்ட நான் பேசறேன் என்றான். அவள் லேப்டாப் பையின் வாரைச் சரிசெய்துகொண்டாள். ரயிலடியில் வரிசையாகக் கார்கள் நின்று ஆட்களை இறக்கிக்கொண்டிருந்தன. கதவைத் திறந்து இறங்கினாள். முதல் பத்தடி அந்தப் புதுப் பழக்கத்தில், பார்த்துப் பார்த்து, கண்ணாடித் தரையில் நடப்பது மாதிரி நடந்தாள். படிக்கட்டின் முதல் படியில் ஒரு காலை வைத்தாள். இன்னொரு காலையும் அதிலேயே சேர்த்து வைத்தாள்.

அப்போது மேலே பிளாட்ஃபாரத்தில் ஏழு பன்னிரண்டு வந்துகொண்டிருந்தது.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பிறகு ஓடினாள். இரண்டு இரண்டு படியாகத் தாவி, பை இடுப்பில் இடித்துக் குதிக்க, முடி அவிழ்ந்து முதுகில் விழ, ஏறுகிறவர்களை விலக்கிக்கொண்டு ஓடினாள். மெதுவாகப் போடி என்று சபரியின் வாய்வரை வந்துவிட்டது. மூன்று மாதமாகத் தினமும் சொன்ன வார்த்தை. அதைச் சொல்ல இனி தனக்கு வாயில்லை என்று அவன் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. எந்தப் பெட்டியில் ஏறினாள் என்று தெரியவில்லை. கதவுகள் மூடி ட்ரெயின் நகர்ந்து, ஒவ்வொரு ஜன்னலாக அவன் தலைக்கு மேலே போய்க்கொண்டிருந்தது. பின்னாலிருந்த கார் ஹார்ன் அடித்தது. திறந்த கண்ணாடி வழியே கையை நீட்டி, ஒரு நிமிஷம் என்று காட்டினான்.